ஒரு பெட்டிக்கு ரெண்டு கதவு

இருங்கோ தம்பி, இருங்கோ. இந்தப் பையைத் தூக்கி மடியிலை வைக்கிறன். உள்ளுக்குத் தேங்காய் கிடக்கு. உருண்டுதெண்டால் இந்த பஸ்ஸுக்குள்ளை ஆரின்ரை காலுக்குள்ளை எண்டு பூந்து தேடுறது?

என்ன பாக்கிறியள்? வேட்டிக்கு மேலை குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு ஒரு மனிசன் போறான் எண்டோ? கலியாணவீட்டுக்குத்தான் போறன். என்ரை சொந்தத் தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். நான் தாய்மாமன். தாய்மாமன் ஏன் பஸ்ஸிலை போறான் எண்டு கேக்கப்போறியள். கேளுங்கோ. எல்லாரும் கேக்கவேணும்.

நீங்கள் இந்தியாவோ? கதைக்கிற விதத்திலை தெரியுது. மதுரைப் பக்கமோ, சரி. அப்ப உங்களுக்கு விளங்கும், பிள்ளையார் எண்டால் என்னெண்டு. இஞ்சை கனடாவிலை இருக்கிற எங்கடை சனத்துக்குத்தான் விளங்காது.

போன் அடிக்குதோ? அடிக்கட்டும். தங்கச்சிதான். மூண்டாந்தரமோ நாலாந்தரமோ அடிக்கிறாள். விடியவே வரச் சொன்னவங்கள். நான் வேணுமெண்டுதான் ரெண்டு பஸ்ஸை விட்டிட்டு இதிலை ஏறினனான். தேடட்டும். மனிசரை வைச்சிருக்கேக்கை அருமை தெரியாட்டி, தேடேக்கை எண்டாலும் தெரியவேணும்.

எல்லாம் ஒரு பெட்டியாலை வந்தது. சவப்பெட்டி இல்லைத் தம்பி, வாகனத்துக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிற பெட்டி. ட்ரெயிலர். நாலு பக்கமும் தகரம் அடிச்சு, கூரை போட்டு, கதவு வைச்சது. ரோட்டிலை பாத்திருப்பியள், வெள்ளைக்காரர் மோட்டார் சைக்கிள் ஏத்திக்கொண்டு திரிவினம். அதைத்தான் என்ரை மச்சான் வாங்கினவன். தங்கச்சியின்ரை மனிசன். சிவகடாட்சம் எண்டு பேர். நாங்கள் கடாட்சம் எண்டுதான் கூப்பிடுறது. பேரிலை மட்டும்தான் கடாட்சம்.

அவன் கலியாணத்துக்கு மணவறை சோடிக்கிற தொழில். தூண், வளைவு, குத்துவிளக்கு, பொம்பிளை மாப்பிளை இருக்கிற கதிரை, பூ, எல்லாம் வாடகைக்குக் குடுத்துக் கட்டியும் குடுப்பான். துவங்கேக்கை வீட்டு நிலவறையிலை நாலு தூணும் ஒரு பழைய வான் வண்டியும்தான். தங்கச்சி மலர் இருந்து பூக் கோப்பாள். நான் மேற்பார்வை. ஒரு தொழில் எண்டால் ஒருத்தன் மேற்பாக்கவேணும் தானே? நான் ஊரிலை பஸ் டிப்போவிலை ரைம் கீப்பராய் இருந்தவன். வாகனம் எண்டால் எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஓட்டுறதோ? இல்லை, நான் ஓட்டுறேல்லை. ஓட்டுறவங்களை மேய்ச்சவன் நான்.

அந்தத் தொழிலுக்குப் பிள்ளையாரைக் குடுத்ததே நான்தான். மற்ற மணவறைக்காரர் என்ன செய்யிறவங்கள்? பைபரிலை பிள்ளையார். காத்தடிச்சால் பறக்கும். ஒரு கையிலை பிள்ளையாரும் மற்றக் கையிலை கோப்பியுமாய் வருவாங்கள், வெக்கங்கெட்டவங்கள். நான் இந்தியாவுக்குப் போய், மாமல்லபுரத்திலை சொல்லிச் செய்விச்சு, கப்பலிலை எடுப்பிச்சனான். கருங்கல். உயரம் உங்கடை இடுப்பளவுதான், ஆனால் மூண்டுபேர் இல்லாமல் அசைய மாட்டார். சில்லு வைச்ச தள்ளுவண்டியிலைதான் ஏத்தி இறக்கவேணும். அதுக்கு ஒரு முறையும் வைச்சனான். மண்டபத்துக்குப் போனால் முதல்லை பிள்ளையார் இறங்கவேணும். நான் தேங்காய் உடைச்சுக் கற்பூரம் காட்டவேணும். அவர் இறங்காமல் ஒரு பூக்கூடை இறங்கக்கூடாது. இது என்ரை சட்டம். இண்டுவரைக்கும் அந்தச் சட்டம் பிழைச்சதில்லை, தவறினதில்லை. ஒருக்காத்தான் பிழைச்சது. அதைத்தான் சொல்ல வாறன்.

தொழில் பெருத்துது. சாமானுக்கு வான் போதாமல் போச்சு. அப்பதான் கடாட்சத்துக்கு இந்தப் பெட்டி விசர் பிடிச்சது, நீங்கள் பைத்தியம் எண்டு சொல்லுவியளே, அது. அந்த வசந்தம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையிலை ரவுணுக்கு வெளியிலை பெட்டி விக்கிற வளவு வளவாய் ஏறி இறங்கினம். நானும் போனனான். போகாமல் விட்டால் அவனை ஏமாத்திப்போடுவாங்கள்.

அவன் பெட்டி பாக்கிற வடிவை நீங்கள் பாத்திருக்கவேணும் தம்பி. வாங்கப் போறவன் எண்டால் வெளியாலை ஒரு சுத்துச் சுத்தி, ஒரு தட்டுத் தட்டி, விலை கேக்கவேணும். இவன் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள்ளை நிப்பான். வெள்ளைக்காரன் என்னைப் பாப்பான், நான் வானத்தைப் பாப்பன். என்னடா செய்யிறாய் எண்டு கேட்டால், ஓட்டையாலை வெளிச்சம் வருதோ எண்டு பாக்கிறானாம். வெளிச்சம் வாற இடத்தாலை தண்ணி வருமாம், தண்ணி வந்தால் பட்டுத்துணி பழுதாப்போமாம். பிறகு வெளியிலை வந்து நிலத்திலை மல்லாக்கப் படுத்து அடியைப் பாப்பான். நல்ல சட்டையோடை! நான் தெரியாத ஆள் மாதிரிக் கொஞ்சம் தள்ளி நிப்பன்.

நான் ஒரு பெட்டி பாத்துக் குடுத்தனான். எங்கடை ஆள் ஒருத்தர், கோயில்லை பழக்கம், வித்துப்போட்டு ஊருக்குப் போகப்போறார். ஒரு அச்சு, ரெண்டு சில்லு, அளவான பெட்டி. இவன் என்ன செய்தான் தெரியுமோ? பொக்கற்றுக்குள்ளையிருந்து ஒரு ஸ்குரூ ட்ரைவரை எடுத்து அந்த மனிசனுக்கு முன்னாலையே தரைப்பலகையிலை ஒரு குத்து. அது கைபிடி வரைக்கும் உள்ளை போயிட்டுது. சரி, பலகை கொஞ்சம் ஊறித்தான் இருந்தது. அதுக்காக? பொம்பிளை பாக்கப் போன இடத்திலை ஆராவது வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணுவினமோ? அந்த மனிசன் பிறகு கோயில்லை என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தாலை சுத்திப் போகும். என்ரை மரியாதை போச்சு.

கடைசியிலை புதுசு வாங்கினான். ரெண்டு அச்சு, நாலு சில்லு. முன்பக்கம் மூக்கு மாதிரிக் கூராய் இருக்கும், காத்தை வெட்டுமாம். சரி, மூக்கு இருக்கட்டும். பின்னாலை பெரிய கதவு, சரிச்சு விட்டால் அதுவே ஏறுபலகை. அதுவும் சரி. பிறகு, வலப்பக்கத்திலை, முன்னுக்கு, இன்னொரு கதவு! அதுவும் சும்மா கதவு இல்லை. சாதாரணமாய் வாறது ஒடுக்கமாம். இவன் அகலமாய் வேணும் எண்டு சொல்லி வைச்சு, அது வரும் வரைக்கும் காத்திருந்து எடுத்தவன்.

நான் கேட்டன், டேய் கடாட்சம், ஒரு பெட்டிக்கு என்னத்துக்கடா ரெண்டு கதவு?

"அண்ணை, அது பிள்ளையாருக்கு" எண்டான்.

எனக்கு வந்த கோவம். தம்பி, யோசிச்சுப் பாருங்கோ. பாரமான சாமான் முன்னுக்கு, சில்லுக்கு முன்னாலை இருக்கவேணுமாம், இல்லாட்டி ஓடேக்கை பெட்டி வாலாட்டுமாம். பிள்ளையார் தானாம் எல்லாத்திலும் பாரம். அப்ப அவரை முதல்லை ஏத்தி முன்னுக்கு வைச்சால், இறக்கேக்கை கடைசியாய்த்தானே வருவார், உங்கடை சட்டம் பிழைச்சுப் போமே அண்ணை, அதுக்குத்தான் அவருக்கெண்டு பக்கத்திலை ஒரு கதவு எண்டு சொல்லுறான். என்ன கதை பாருங்கோ! பெரிய வாசல் பின்னாலை கிடக்க, பிள்ளையார் பக்கத்துக் கதவாலை, களவாய்ப் படம் பாத்திட்டு வாறவர் மாதிரி இறங்கிறதோ? என்னை நக்கலடிக்கிறான் எண்டு எனக்கு விளங்கிச்சுது. நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்குக் கதைக்கத் தெரியாமல் இல்லை. தங்கச்சியின்ரை முகத்துக்காக.

வாங்கினதோடை விட்டானோ? ஒரு மாசம் வீட்டு முற்றத்திலை அதுக்குள்ளைதான் குடித்தனம். சுவருக்குப் பலகை அடிச்சான். பலகையிலை இரும்புச் சட்டம் நீளத்துக்குப் பூட்டினான், அதிலை பட்டி கொழுவி இறுக்கிறதுக்கு. தூணுக்கு ஒரு இடம், விளக்குக்கு ஒரு இடம், ஒவ்வொண்டுக்கும் துணி சுத்தின தாங்கு. தரையிலை முன்பக்கம் நாலு வளையம். பிள்ளையாரை நாலு பக்கத்தாலும் கட்டுறதுக்காம். பிள்ளையாரைக் கட்டுறானாம், மாட்டைக் கட்டுற மாதிரி! வானுக்குள்ளை, முழங்காலடியிலை, ஒரு சின்ன விசை. அதை அமத்தினால் பெட்டிச் சில்லுக்கு மட்டும் பிறேக் பிடிக்குமாம். நான் சொன்னன், டிப்போவிலை அத்தனை பஸ் ஓடிச்சுது, காலாலை பிறேக் பிடிச்சாங்களே ஒழியக் கையாலை ஒருத்தனும் பிடிச்சதில்லை எண்டு. சிரிச்சான். அவன்ரை சிரிப்பு ஒரு மாதிரி. பதில் சொல்லாமல் சிரிப்பான்.

பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டு போனம். ஐயருக்கே குழப்பம். இஞ்சின் இல்லாததுக்கு வாகன பூசையோ, வீட்டுக்குச் செய்யிற பூசையோ எண்டு. தேசிக்காய், உங்கடை எலுமிச்சம்பழம், வானுக்கு நாலு, பெட்டிக்கு நாலு. வான் தன்ரை தேசிக்காயை நசிச்சுக்கொண்டு போய், பெட்டியும் அதே தடத்தாலை வர, சின்னச் சில்லுக்கு வைச்ச ஒரு தேசிக்காய் நசியாமல் உருண்டு ஓடிட்டுது. நான் அப்பவே மலரிட்டைச் சொன்னனான், இந்தப் பெட்டி சரிவராது எண்டு. அவள் சொல்லுறாள், அண்ணை பேசாமல் இருங்கோ, ஐயருக்குக் கேக்கும் எண்டு.

திருப்பியும் அடிக்குது. கொஞ்சம் பொறுங்கோ. இல்லை, எடுக்கமாட்டன்.

அந்த நாளைச் சொல்லுறன். போன கோடை. நயாகராப் பக்கத்திலை ஒரு கலியாணம், தூரம். விடியப்புறம் சாமான் ஏத்தவேணும். கடாட்சம் பூ எடுக்கப் போயிட்டான். போகேக்கை வேலைக்காரப் பெடியளிட்டைச் சொல்லிப்போட்டுப் போனான், பிள்ளையாரை முதல்லை ஏத்தி முன்னுக்குக் கட்டுங்கோ எண்டு. நான் அங்கை நிக்கிறன் தம்பி! என்னிட்டைச் சொல்லேல்லை. பெடியளிட்டைச் சொல்லுறான்.

அப்ப நான் என்ன செய்யவேணும்? ஒழுங்கான முறையிலை ஏத்துவிச்சன். முதல்லை பூக்கூடைத் தட்டு, துணி, கதிரை எல்லாம் முன்னுக்கு. கடைசியாய்ப் பிள்ளையார், பின்கதவுக்குப் பக்கத்திலை, வாசலைப் பாத்தபடி, ராசா மாதிரி. கதவைத் திறந்த உடனை தரிசனம். இறங்கிறதும் முதல் ஆளாய் இறங்குவார். எவ்வளவு வடிவு! கட்டுறதுக்கு அங்கை வளையம் இல்லை, சுவரோடை ஒரு பட்டி போட்டு இறுக்கினது போதும்.

அவன் வந்தான், நேரம் போட்டுது எண்டு பறந்துகொண்டு. பின்கதவு பூட்டியாச்சு. "அண்ணை, பிள்ளையார் சரியோ?" எண்டு கேட்டான். "அவர் இருக்கவேண்டிய இடத்திலை இருக்கிறார்" எண்டன். நான் சொன்னது பொய்யோ? நீங்களே சொல்லுங்கோ.

பெருந்தெருவிலை ஏறிக் கொஞ்சநேரம் ஒண்டுமில்லை. வேகம் பிடிச்ச பிறகு பெட்டி வாலாட்டத் துவங்கிச்சுது. முதல்லை சாதுவாய். பிறகு, ஐயோ, அந்தப் பக்கம் ஒரு இழுவை, இந்தப் பக்கம் ஒரு இழுவை. வானும் சேர்ந்து ஆடுது. எனக்குப் பக்கத்திலை பாரலொறி, அவன்ரை சில்லு என்ரை முகத்துக்கு நேரை. நான் பிறேக்கைப் பிடியடா எண்டு கத்துறன். இந்த மொக்கன் பிறேக்கைப் பிடிக்கேல்லை! காலை எடுத்துப்போட்டு, அந்த முழங்காலடி விசையை மெல்ல மெல்ல அமத்துறான், குழந்தைக்குப் பால் பருக்கிற மாதிரி. முகம் வெள்ளையாப் போச்சு. ஆடி ஆடி ஓரத்துக்கு வந்து, பெட்டியின்ரை பின்பக்கம் தடுப்பிலை ஒரு உரசு உரசி நிண்டுது.

அண்டைக்கு எனக்கு உயிர் போய் வந்தது தம்பி. பொய் சொல்லேல்லை, தனிய இறங்க ஏலாமல் போச்சு. அவன்தான் பிடிச்சு இறக்கினவன். எனக்குத் தண்ணி தந்துபோட்டுப் பெட்டியைப் பாக்கப் போனான். பின்கதவு நெளிஞ்சு இறுகிப்போச்சு, திறக்க ஏலாது. பக்கத்துக் கதவைத் திறந்தான். முன்னுக்குப் பூத்தட்டும் துணியும் கிடக்குது. அந்த நாலு வளையமும் வெறுமையாய்க் கிடக்குது. அதைப் பாத்தான். பிறகு திரும்பி என்னைப் பாத்தான். ஒண்டும் கேக்கேல்லை. என்னெண்டு கேப்பான்? வண்டியை ஆட்டினவன் அவன். வெக்கத்திலை வாய் வரேல்லை.

மண்டபத்திலை சாமான் எல்லாம் அந்தப் பக்கத்துக் கதவாலைதான் இறங்கிச்சுது. பிள்ளையார் பின்னாலை சிறைப்பட்டுப்போனார். எல்லாத்துக்கும் கடைசியாய்த்தான் அவரை இழுத்து எடுத்தம். என்ரை சட்டம் பிழைச்ச ஒரே நாள். எல்லாம் அந்தப் பக்கத்துக் கதவாலை வந்த வினை. ரெண்டு தூண் உடைஞ்சு, மணவறை நொண்டி. பொம்பிளையின்ரை தகப்பன் வந்து சத்தம் போட்டார். கடாட்சம் கையைக் கட்டிக்கொண்டு சொல்லுறான், "ஐயா, என்ரை பிழை. நான் சரிபாக்காமல் வெளிக்கிட்டிட்டன்." கேட்டியளோ! தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டான். நான் பக்கத்திலைதான் நிண்டனான். பெருந்தன்மைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.

அண்டையோடை முடிஞ்சுது. அதுக்குப் பிறகு சாமான் ஏத்தேக்கை என்னைக் கூப்பிடுறேல்லை. அவனே விடிய எழும்பி, அவனே ஏத்தி, அவனே கட்டுவான். "அண்ணை, நீங்கள் நேரை மண்டபத்துக்கு வாங்கோ, தேங்காய் உடைக்க" எண்டு சொன்னான். தேங்காய் உடைக்க! அத்தனை வருசம் மேற்பாத்தவன், தேங்காய் உடைக்கிற ஆளாப் போனன். நான் போகேல்லை. ஒரு கலியாணத்துக்கும் போகேல்லை. மலர் வந்து வாசல்லை நிண்டு அழுதாள். அவன் சொல்லித் தந்து அனுப்பினவன் எண்டு எனக்குத் தெரியாதோ? கதவைத் திறந்தன், தேத்தண்ணி குடுத்தன், போகமாட்டன் எண்டன்.

இண்டைக்கு அவையின்ரை மகள் சாம்பவிக்குக் கலியாணம். நான் தோளிலை தூக்கி வளர்த்தது தம்பி. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதும் நான்தான், கூட்டிக்கொண்டு வாறதும் நான்தான். பனிக்குள்ளை விழுந்தால் தகப்பனைக் கூப்பிடாது, மாமா எண்டுதான் கத்தும். அதுக்காகப் போறன். வேறை ஒருத்தருக்காகவும் இல்லை. வானிலை வந்து ஏத்துறன் எண்டான் கடாட்சம். அந்தப் பெட்டி கொழுவின வானிலை நான் ஏறுறதோ? பஸ்ஸிலை வருவன் எண்டு சொல்லிப்போட்டன். முகூர்த்தம் மத்தியானம்தான். அதுக்கு ஒரு நிமிசம் முன்னாலை போய் நிண்டால் காணும்.

ஓ, இந்தமுறை அவன்தான். நம்பரைப் பாருங்கோ. சரி, எடுக்கிறன். என்ன சொல்லுறான் எண்டு பாப்பம்.

ஓம். சொல்லு. ... வாறன், வாறன், பஸ் ஊருது. ... என்ன? ... ஏன், கதவு திரும்பவும் இறுகிப்போச்சோ? ... இல்லையோ? அப்ப ஏன் இறக்கேல்லை? ... விடியத்துவக்கமோ? ... ஒரு பூக்கூடை கூடவோ? டேய், உனக்கு விசரே! மணவறை கட்ட எவ்வளவு நேரம் வேணும்? ... ஆர் சொன்னது? சாம்பவியோ? ... அவளிட்டைக் குடு. ... சோடிக்கிறாளோ, சரி, குடுக்காதை. ... அவர் எங்கை இருக்கிறார், முன்னுக்கோ? நாலு வளையத்திலும் கட்டியோ? ... ம். ... ம். சரி. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வை. தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிப்பாட்டு. தேங்காய் என்னட்டைக் கிடக்கு. நான் வாறன். ... வாறன் எண்டு சொல்லுறன் எல்லே. வை.

கேட்டியளோ தம்பி? பெட்டி மண்டப வாசல்லை விடியத்துவக்கம் நிக்குதாம். ஒரு சாமானும் இறக்கேல்லையாம். அண்ணை வராமல் பிள்ளையாரிலை கை வைக்கமாட்டன் எண்டு நிக்கிறானாம். பொம்பிளை சொல்லிப்போட்டுதாம், மாமா வந்து இறக்காட்டி எனக்கு மணவறையும் வேண்டாம், வெறும் கதிரையிலை இருந்து தாலி கட்டிக்கொள்ளுறன் எண்டு. மாப்பிளை பகுதி வரத் துவங்கீட்டினமாம். வாசல்லை குளிருக்குள்ளை எல்லாரும் நிக்கினமாம். பாத்தியளோ, நான் இல்லாமல் ஒரு அணு அசையாது. நான் சொன்னன் எல்லே!

இந்த பஸ் ஏன் இப்பிடி ஊருது? ஒவ்வொரு தரிப்பிலும் நிக்குது. என்ரை டிப்போவிலை எண்டால் இவனைப் பிடிச்சு நிப்பாட்டிக் கேட்டிருப்பன். ரெண்டு பஸ்ஸை விட்டிட்டன். ஐயோ, ரெண்டு பஸ்ஸை விட்டிட்டன் தம்பி. என்ரை பிள்ளை மணவறை இல்லாமல்... எத்தினை மணி இப்ப? சொல்லாதேங்கோ, வேண்டாம். கண்ணுக்குள்ளை என்னவோ விழுந்திட்டுது. இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ.

அதுதான், அந்தச் சந்திதான்! மண்டபம் தெரியுது. அங்கை பாருங்கோ, வாசலடியிலை, வெள்ளைப் பெட்டி, மூக்கோடை. பக்கத்துக் கதவு திறந்து கிடக்கு. உள்ளுக்கு லைற் எரியுது. அந்த மணிக் கயித்தை இழுங்கோ தம்பி, கெதியா இழுங்கோ. முன்கதவடியிலை சனம் அடைச்சுக்கொண்டு நிக்குது, எப்பிடி இறங்கிறது? ஏறின வழியாலை போனால் அடுத்த சந்திக்குப் போயிடுவன்.

என்ன? நடுவிலையும் ஒரு கதவு இருக்கோ? தள்ளினால் திறக்குமோ?

நல்லதாப் போச்சு. பையைத் தாங்கோ, நான் வாறன். பாத்தியளோ தம்பி, இந்த பஸ்ஸைக் கட்டினவன் விசரன் இல்லை. யோசிச்சுக் கட்டியிருக்கிறான்.